வழக்கோ இணக்கமோ: புல்மோட்டைக் கரையிலிருந்து ஒரு பொருளியல் நோக்கு

தமிழில் வழக்கு என்னும் சொல் இருபொருள் தந்து நிற்பது. மக்களிடையே வழங்கிவரும் நடைமுறையையும் அது குறிக்கும்; மன்றேறி முறையிடும் பிணக்கையும் அது குறிக்கும். முதியவர் வேடத்தில் வந்த இறைவன் ஆளோலை காட்டிச் சுந்தரரை மறித்த திருவெண்ணெய்நல்லூர் அவையும், கண்ணகி சிலம்புடன் சென்று வழக்குரைத்த மதுரை அரசவையும் எமது இலக்கியம் நன்கறிந்த மன்றங்கள். அவற்றில் வழக்காடியோர் எவரும் செலவுக் கணக்குப் பார்த்ததாகச் செய்தி இல்லை. தவணைக்குத் தவணை பேருந்தேறிச் செல்லும் இன்றைய வழக்காளிக்கோ அக்கணக்கிலிருந்து விடுதலை கிடையாது. வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று எம்மவர் சொல்லும் பழமொழி அக்கணக்கின் விடையையே கூறுகின்றது. அவ்விடை எவ்வழி பெறப்படுகின்றது, அது எக்காலும் உண்மையாகுமா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்குரிய களமாகப் புல்மோட்டையை எடுத்துக்கொள்கின்றோம். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில், குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில், கொக்கிளாய்க் களப்பை அடுத்து அமைந்துள்ள ஊர் இது. இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் முதலிய கனியங்கள் செறிந்த கடற்கரை மணலால் பெயர்பெற்றது. 1957 இல் அதற்கென ஓர் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மீன்பிடி இவ்வூரின் மற்றொரு பெருந்தொழில். வயலும் தென்னங்காணியும் உள்ளன. கடலில் எழும் பிணக்கு, காணியில் எழும் பிணக்கு, அரசோடும் நிறுவனத்தோடும் எழும் பிணக்கு ஆகிய மூன்றும் ஒரே சிற்றூரில் அருகருகே நிகழக்கூடிய இடம் என்பதே யாம் இதனைத் தெரிந்தமைக்குக் காரணம். மாவட்ட நீதிமன்றம் திருகோணமலை நகரில் இருப்பது மற்றுமொரு காரணம். யான் ஓயா முதலிய நீர்நிலைகளின்மேல் நல்ல பாலங்கள் அமைந்தபின் பயணம் எளிதாயிற்று என்பது உண்மையே. எனினும் ஒரு தவணை என்பது இன்றும் ஒருநாட் தொழிலின் இழப்பாகும். கடலுக்குச் செல்பவனுக்கு அந்நாள் மீன்படும் நாளாய் அமைந்துவிடுமாயின் இழப்பு இன்னும் பெரிது.

வழக்குச் செலவின் இயல்பை முதற்கண் நோக்குதல் தகும். எமது நாட்டிற் சட்டத்தரணிக்குரிய கட்டணம் பெரும்பாலும் தவணை ஒன்றுக்கு இவ்வளவு என்றே அறவிடப்படுகின்றது. ஆகவே செலவை நிருணயிப்பது பிணக்கின் சிக்கலன்று, தவணைகளின் எண்ணிக்கையே. எதிராளி வரவில்லை, சாட்சி வரவில்லை, நில அளவையாளரின் அறிக்கை வரவில்லை, நீதிபதி இடமாற்றம் பெற்றார் என்னும் ஒவ்வொன்றும் மற்றொரு தவணை. ஒவ்வொரு தவணையும் மற்றொரு கட்டணம், மற்றொரு பயணம், மற்றொரு நாட் கூலி. வென்றவர்க்கு வழக்குச் செலவு வழங்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆயின் அச்செலவு சட்டத்தில் விதிக்கப்பட்ட அட்டவணைப்படி கணிக்கப்படுவதால் உண்மையாகச் செலவானதில் அது ஒரு சிறு பகுதியாகவே முடிகின்றது. தோற்றவரே இருதரப்புச் செலவையும் முழுமையாகச் சுமப்பது ஆங்கில முறை. அவரவர் செலவை அவரவரே சுமப்பது பொதுவாக ஐக்கிய அமெரிக்க முறை. பெயரளவில் முன்னதைச் சார்ந்தும் நடைமுறையிற் பின்னதை அணுகியும் எமது முறை நிற்கின்றது எனலாம்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். புல்மோட்டைக் கடலில் ஒருவர் விரித்திருந்த வலைகளின்மீது பிறிதொருவரின் பெரிய படகு ஏறிச்சென்று அவற்றை அறுத்துவிடுகின்றது. வலைகளின் பெறுமதியும் தொழிலிழப்பும் சேர்ந்து மூன்று இலட்சம் ரூபா. வழக்காடினால் வெல்லும் வாய்ப்புப் பத்தில் ஆறு என இருதரப்பாரும் ஒருமிக்க மதிக்கின்றனர். வழக்கு முடியும்வரை ஒவ்வொருவர்க்கும் அறுபதினாயிரம் ரூபா செலவாகும் என்றும், அச்செலவை மற்றவரிடமிருந்து மீட்க இயலாது என்றும் கொள்வோம். வழக்காளியின் எதிர்பார்க்கைப் பெறுமதி மூன்று இலட்சத்தில் அறுபது வீதமாகிய 1,80,000 ரூபா; அதிலிருந்து செலவைக் கழிக்க எஞ்சுவது 1,20,000. எதிராளி எதிர்பார்க்கும் இழப்பு அதே 1,80,000 உடன் தன் செலவையும் கூட்ட 2,40,000. ஆகவே 1,20,000 இற்கு மேற்பட்டும் 2,40,000 இற்குக் குறைந்தும் எத்தொகைக்கு இணங்கினாலும் இருவர்க்கும் நன்மையே. இடைப்பட்ட 1,20,000 ரூபா எங்கிருந்து வந்தது? இருவரும் வழக்கிற் செலவிடவிருந்து செலவிடாது மிச்சம்பிடித்த பணமே அது. இணக்கம் என்பது பொருளியல் நோக்கிற் பெருந்தன்மையன்று; அம்மிச்சத்தைப் பங்கிடுதலாகும்.

இக்கணக்கை முறைப்படுத்திக் கூறியவர்களுள் வில்லியம் லாண்டிஸ் (1971), ஜோன் கூல்ட் (1973), இரிச்சட் போஸ்னர் (1973) ஆகியோர் முன்னோடிகள். அவர்களின் முடிவைச் சுருக்கமாகக் கூறின், இருதரப்பாரும் கொண்டுள்ள எதிர்பார்ப்புகளுக்கிடையிலான வேறுபாடு இருவரின் மொத்தச் செலவை விஞ்சும்போதே வழக்கு நடைபெறும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் வழக்காளி தனக்குப் பத்தில் எட்டு வாய்ப்பு உண்டென்றும், எதிராளியோ அவர்க்குப் பத்தில் மூன்றே உண்டென்றும் மதிப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்காளி 1,80,000 இற்குக் குறைய இணங்கார். எதிராளி 1,50,000 இற்கு மேற் கொடார். பேச்சுக்கு இடமில்லை, இருவரும் திருகோணமலைக்குப் பேருந்தேறுவர். இங்கு வழக்கை உண்டாக்கியது பகைமையுமன்று, பேராசையுமன்று. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவாறாக மதித்தமையே. அவ்வாறு மதித்தற்குத் தம் சாட்சியை மட்டும் அறிந்து பிறர் சாட்சியை அறியாமை ஒரு காரணம். தன் பக்கமே நியாயம் என்னும் மனித இயல்பு மற்றொன்று. தரப்பாரின் நம்பிக்கையைத் தணிப்பது சட்டத்தரணிகளின் கடமை. தவணைக் கட்டண முறையிலே அக்கடமையைச் செய்வோர் தம் வருவாயைத் தாமே குறைத்துக்கொள்வோராவர். அங்ஙனம் செய்வோர் எம்மிடையே இல்லாமலில்லை. அவர்களைப் போற்றுதல் வேண்டும்.

இதிலிருந்து எழும் ஓர் உண்மையை ஆய்வாளர் மறத்தலாகாது. இருதரப்பும் ஒத்த மதிப்பீடு கொண்ட பிணக்குகள் மன்றத்தை அடையுமுன்னரே தீர்ந்துவிடுகின்றன. வாய்ப்பு ஏறத்தாழச் சரிபாதியாய் அமைந்து மதிப்பீடுகள் பிளவுபடும் பிணக்குகளே தீர்ப்புவரை செல்கின்றன. 1984 இல் ஜோர்ஜ் பிறீஸ்ற், பெஞ்சமின் கிளைன் இருவரும் இதனை விரித்துரைத்தனர். எனவே நீதிமன்ற ஏடுகளை மட்டும் புரட்டி ஓர் ஊர் மக்களின் பிணக்குகளை அளவிடுவது, சந்தைக்கு வந்த மீனை மட்டும் எண்ணிக் கடலை அளவிடுவதை ஒக்கும்.

இதுவரை காலத்தைக் கணக்கில் எடுத்திலம். எடுத்தவுடன் படம் மாறுகின்றது. மேற்கண்ட வலை வழக்கு முடிய ஐந்தாண்டு செல்லும் என்று கொள்வோம். ஐந்தாண்டின் பின் கிடைக்கும் பணம் இன்றைய பணத்துக்கு ஈடாகாது. வட்டி வீதத்தாற் கழித்தே அதன் நிகழ்காலப் பெறுமதியைக் காணல் வேண்டும். எதிராளி வசதி படைத்தவர்; அவருடைய பணம் வங்கியில் ஆண்டுக்குப் பத்து வீதம் ஈட்டுகின்றது. வழக்காளியோ வலை இழந்தவர். புதுவலை வாங்க இருபது வீதத்திற் கடன்பட்டவர். எதிராளிக்கு ஐந்தாண்டின் பின் செலுத்தும் 1,80,000 இன் இன்றைய சுமை ஏறத்தாழ 1,12,000 மட்டுமே. செலவு சேர 1,72,000. வழக்காளிக்கு அதே 1,80,000 இன் இன்றைய பெறுமதி 72,000; செலவுபோக எஞ்சுவது பன்னீராயிரம். செலவு முழுவதையும் இன்றே செய்வதாக எளிமை கருதிக் கொண்டுள்ளோம். தவணைதோறும் பரப்பினாலும் கணக்கின் போக்கு மாறாது. முன்னர் 1,20,000 இலிருந்து 2,40,000 வரை இருந்த இணக்க எல்லை இப்பொழுது 12,000 இலிருந்து 1,72,000 வரை விரிந்து கீழிறங்கியுள்ளது. இருமுறையும் நடுவே வெட்டி இணங்கினால், முன்னர் 1,80,000 பெற்றிருக்கக்கூடியவர் இப்பொழுது 92,000 பெறுவார். அறுந்த வலை அதுவே, சட்டம் அதுவே, சாட்சியும் அதுவே. காலத்தாழ்வும் கடன்வட்டியும் சேர்ந்து நட்டஈட்டில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிட்டன.

இணக்க எல்லை விரிந்தது என்பதால் இணக்கம் எளிதாயிற்று என்று கூறுவாரும் உளர். கணக்களவில் அது சரியே. விரைவில் தீரும் பிணக்குகள் யாவும் நன்கு தீர்ந்த பிணக்குகள் ஆகா என்பதையும் அதே கணக்குக் காட்டுகின்றது. பொறுக்க இயலாதவர் பொறுக்க இயன்றவரிடம் இணங்கும்போது, இணக்கத் தொகை நியாயத்தை அன்று, பொறுக்கும் வலிமையையே அளக்கின்றது.

காலம் எவ்வளவு கொடிதாகலாம் என்பதை எமது நாடு 2022 இற் கண்டது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. ஓகத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறுபடகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயால் இயங்குவன என்பதை ஈண்டு நினைவூட்டுதல் தகும். 2020 இறுதியில் மூன்று இலட்சம் கோரி வழக்கிட்ட ஒருவர் 2022 இறுதியில் அம்மூன்று இலட்சத்தையும் முழுமையாகவே பெற்றிருந்தாலும், அதன் கொள்வலு இரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்திருக்கும். இறக்குமதிப் பொருளாகிய இயந்திரத்தையும் வலைநூலையும் வாங்கச் செல்பவர்க்கு அதனினும் குறைவு. தீர்ப்போடு வட்டி சேர்த்து வழங்கப்படினும் அத்தகைய வீக்கத்தை அது ஈடுசெய்யாது. பணப்பிணக்குகளில் விரைந்து இணங்குதல் அறிவுடைமை என்னும் பழைய அறிவுரை இத்தகைய காலங்களில் வழக்காளிக்கே பெரிதும் பொருந்துவதாகும். எதிராளிக்கு அதே காலம் நட்பாகிவிடுகின்றது.

எமது எடுத்துக்காட்டு நேரே நீதிமன்றம் செல்லத் தக்கதன்று. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம், குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளை முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுசெல்லுமாறு பணிக்கின்றது. தொடக்கத்தில் 25,000 ரூபாவாக இருந்த அவ்வெல்லை 2011 இல் இரண்டரை இலட்சமாகவும் 2016 இல் ஐந்து இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. இதற்கு முன்னர் 1958 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகிய இணக்க சபைகள் இருந்தன. அங்கத்தவர் நியமனத்தில் அரசியல் புகுந்தது என்னும் குறையால் மதிப்பிழந்து அவை 1978 இல் ஒழிந்தன. இன்றும் எம்மவருட் பலர் மத்தியஸ்த சபையை இணக்க சபை என்றே அழைப்பது அப்பழமையின் எச்சமாகும். புதிய சட்டம் நியமன அதிகாரத்தை ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்து அக்குறையை நீக்க முயன்றது. ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவர். சட்டத்தரணிகள் தோன்றுதற்கு இடமில்லை. அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியிற் பாடசாலைக் கட்டடங்களில் நிகழ்கின்றன. அதாவது தொழிலுக்குச் செல்லும் நாளும் பெரிதாக இழக்கப்படுவதில்லை, திருகோணமலைக்குச் செல்லும் செலவும் இல்லை.

பொருளியல் மொழியிற் கூறுவதாயின் இச்சபை இருவேறு தொழில்களைச் செய்கின்றது. தரப்பாரை எதிரெதிரே இருத்தி ஒருவர் கூறுவதை மற்றவர் கேட்கச் செய்தலால் மதிப்பீடுகளின் பிளவைக் குறைக்கின்றது. காலத்தாழ்வைக் குறைத்தலால் பொறுக்க இயலாதவரின் வலிமையின்மையைச் சிறிது ஈடுசெய்கின்றது. இரண்டாவதே பெரிதென்பது எமது கருத்து. ஆயின் ஒரு குறை உண்டு. இங்கு எட்டிய இணக்கம் நீதிமன்றத் தீர்ப்பைப் போல் உடனே நிறைவேற்றத்தக்கதன்று. ஒருவர் வாக்குத் தவறின் மற்றவர் சபையிடமிருந்து இணக்கமின்மைச் சான்றிதழ் பெற்று வழக்கிடவேண்டியவரே. வாக்குத் தவறக்கூடியவர் என்று ஐயுறத்தக்க ஒருவரோடு இணங்குவோர், தவணைமுறைக் கொடுப்பனவை ஏற்காது குறைந்த தொகையாயினும் அமர்விலேயே கைப்பணமாகப் பெறுதல் இக்கணக்கின்படி அறிவுடைமையாகும்.

கடற்பிணக்கை விட்டுக் காணிப்பிணக்குக்கு வருவோம். இங்கேதான் வழக்கோ இணக்கமோ என்னும் வினா கூர்மை பெறுகின்றது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு, அமைதிக்குலைவு ஏற்படலாம் என அஞ்சத்தக்க காணிப் பிணக்குகளை விரைந்து விசாரிக்க வழிசெய்கின்றது. விசாரணையைத் தொடங்குமுன் தரப்பாரை இணங்கச் செய்ய எல்லா முயற்சியும் எடுக்கவேண்டும் என்று அச்சட்டமே நீதிபதிக்குக் கட்டளையிடுகின்றது. இணக்கம் கைகூடாவிடின் நீதிமன்றம் உரித்தை ஆராயாது. தகவல் தாக்கல் செய்யப்பட்ட நாளில் உடைமையில் இருந்தவர் யார் என்பதையே நோக்கும். அந்நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துள் ஒருவர் வலிந்து வெளியேற்றப்பட்டிருந்தால் அவர்க்கு உடைமை மீட்டளிக்கப்படும். இரண்டு மாதம் கடந்துவிட்டால் உள்ளே இருப்பவரே உள்ளே இருப்பார். வெளியில் நிற்பவர் மாவட்ட நீதிமன்றத்தில் உரித்து வழக்கிட்டுத் தம் உறுதியை நிலைநாட்டவேண்டும். கட்டளைக்கு மேன்முறையீடு இல்லை. மீளாய்வு மட்டுமே உண்டு.

இவ்விதியின் பொருளியல் விளைவு வெளிப்படை. உள்ளே இருப்பவர்க்குக் காலம் வருவாய். வெளியில் நிற்பவர்க்குக் காலம் செலவு. தென்னை காய்த்துக்கொண்டே இருக்கும். பறிப்பவர் உள்ளே இருப்பவரே. வேலியை முதலில் நகர்த்துவோர்க்கு ஊக்கம் அளிக்கும் இயல்பும் இதனுட் பொதிந்துள்ளது. அண்டை வீட்டார் ஒருசாண் வேலியை நகர்த்தும்போது உடனே முறையிடாது, உறவு கெடும் என்று பொறுத்திருப்பவர் எம்மிடையே மிகுதி. அப்பொறுமைக்கும் விலை உண்டு. 61 ஆம் நாள் அவ்விலை ஏறிவிடுகின்றது.

அதனினும் பெரிய விலை 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. பிறர் உரித்தை ஏற்காது, தடையின்றித் தொடர்ந்து பத்தாண்டு ஒரு தனியார் காணியை ஆண்டவர் அதன் உரிமையைக் கோரலாம். ஆட்சியுறுதி என்று எம்மவர் வழங்குவது இதன் வழியெழுந்ததே. வழக்கிடாது பொறுத்திருந்த நிலவுடையாரின் வெற்றி வாய்ப்பு ஒன்பதாம் ஆண்டில் ஒன்றாகவும் பதினோராம் ஆண்டில் வேறொன்றாகவும் இருக்கும். இணக்கப் பேச்சில் அவருக்குக் கிடைக்கக்கூடிய தொகையும் அதற்கேற்ப வீழும்.

போர்க்காலத்தில் இவ்விதி என்ன செய்தது என்பதற்குப் புல்மோட்டைக்கு அணித்தாயுள்ள தென்னமரவாடி சான்றாகும். 1984 டிசெம்பரில் அவ்வூர்த் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 இற்குப் பின்னரே மீளக் குடியமரத் தொடங்கினர். இடையிற் சென்றது கால் நூற்றாண்டு. அதாவது சட்டம் கேட்கும் பத்தாண்டு இருமுறை கடந்து மூன்றாவதும் பாதி சென்றது. வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்த தமிழர், முசுலிம்கள், சிங்களவர் யாவருள்ளும் இவ்விடர்க்கு ஆளானோர் உளர். வழக்கிடாமைக்குக் காரணம் பொறுமையன்று, வழக்கிடும் நிலை இன்மையே. தம் காணியிற் பிறர் இருக்கக் கண்டு திரும்பியோர், இணக்கப் பேச்சுக்கு அமர்ந்தபொழுது எதிர்த்தரப்பின் கையில் ஆட்சியுரிமை என்னும் பெருந்துருப்பு இருந்தது. தமது காணியைத் தாமே ஒரு விலை கொடுத்து மீளப்பெறுவது போன்ற இணக்கத்தையே அத்தகைய நிலையில் எதிர்பார்க்க முடியும்.

2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இதனை மாற்ற முற்பட்டது. ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் தம் உரிமையைக் கோர இயலாதிருந்தோர் தொடரும் வழக்குகளில், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கிற் சேர்க்கலாகாது என்பது அதன் சாரம். அச்சட்டம் ஒருவர்க்கும் ஒரு ரூபாவேனும் நேரே வழங்கவில்லை. ஆயினும் வெற்றி வாய்ப்பு என்னும் எண்ணை அது மாற்றியது. அவ்வெண் மாறியவுடன், நீதிமன்றத்தை எட்டிப்பாராத இணக்கப் பேச்சுகளிற்கூட விலைகள் மாறுதல் இயல்பு. 1979 இல் இராபேட் மினூக்கின், லூயிசு கோர்ன்கவுசர் ஆகியோர், விவாகரத்துப் பிணக்குகளை ஆராயுமிடத்து, மன்றத்துக்கு வெளியே நிகழும் பேச்சும் சட்டத்தின் நிழலிலேயே நிகழ்கின்றது எனக் காட்டினர். நிழல் நகர்ந்தால் பேரமும் நகரும். ஆயின் இச்சட்டம் வழக்கிடுவோர்க்கு ஒரு குறுகிய காலவெல்லையையே தந்தது. செய்தி தாமதித்துச் சேரும் தொலைவூர்களுக்கும், வெளிநாட்டில் வாழும் உரித்தாளருக்கும் அது போதுமானதாயிருந்தது என்று யாம் கருதவில்லை. பாதுகாப்பு நடவடிக்கைகளால் வெளியேற நேர்ந்தோரைச் சட்டத்தின் சொற்கள் எவ்வளவு தழுவும் என்பதும் எளிதில் தீராத வினாவாகும்.

இணக்கத்துக்கு எல்லையே இல்லாத பிணக்குகளும் உள. எதிரே நிற்பது அரசாயின் பத்தாண்டு ஆட்சி பயன்படாது. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அரசின் உரிமைகளைத் தொடுவதில்லை. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டத்தின்படி தகுதிவாய்ந்த அதிகாரி வெளியேறும் அறிவித்தல் கொடுக்கலாம். பின்னர் நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கு குடியிருப்பவர் காட்டக்கூடியது வலுவிலுள்ள அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் எழுத்துமூல அதிகாரம் ஒன்றையே. இன்னது அரச காணியன்று என்னும் வாதம் அம்மன்றத்தில் எடுபடாது. வெற்றி வாய்ப்பு ஏறத்தாழச் சூனியமாகும்போது எதிர்பார்க்கைப் பெறுமதியும் சூனியமே. சூனியத்தை வைத்துப் பேரம்பேச எவராலும் இயலாது. மத்தியஸ்த சபையின் வாயிலும் இத்தகைய பிணக்குகளுக்குப் பெரும்பாலும் அடைபட்டே இருக்கின்றது. எஞ்சுவது உயர்மன்றங்களில் எழுத்தாணை வேண்டுதல். அதன் செலவு ஒரு தென்னங்காணியின் விலையோடு போட்டியிடக்கூடியது. கனியமணல், வனம், தொல்லியல் எனப் பல நிறுவனங்களின் எல்லைக்கோடுகள் மக்கள் குடியிருப்பை நெருங்கி ஓடும் புல்மோட்டை போன்ற ஊரில் இது கோட்பாட்டளவிலான கவலையன்று. போரின்போது அனுமதிப்பத்திரம் எரிந்துபோனவரும், பத்திரத்தைப் புதுப்பிக்காதவரும், மூதாதையர் பயிர்செய்த நிலம் என்பதையன்றி வேறொன்றும் காட்ட இயலாதவரும் இச்சட்டத்தின்முன் ஒரே நிலையினரே.

பெருநிறுவனமோ அரச திணைக்களமோ ஒரு தரப்பாய் அமையுமிடத்து மற்றுமொரு சமமின்மை எழுகின்றது. மாக் கலந்தர் 1974 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மீண்டும் மீண்டும் மன்றேறுவோர் எனவும் வாழ்நாளில் ஒருமுறை மன்றேறுவோர் எனவும் வழக்காடுவோரை இருவகைப்படுத்தினார். முன்னவர்க்கு ஒரு வழக்கின் தொகை பொருட்டன்று. அடுத்துவரும் நூறு வழக்குகளை ஆளப்போகும் விதியே பொருட்டு. எனவே தமக்குப் பாதகமான தீர்ப்பு வரக்கூடிய வழக்கிற் தாராளமாகக் கொடுத்து இணங்குவர். சாதகமான தீர்ப்பு வரக்கூடியதை இறுதிவரை நடத்துவர். அவ்வாறு தாராளமாகப் பெற்ற ஒருவர்க்கு இணக்கம் நன்றே. அவரை ஒத்த இன்னலுற்ற அயலவர்க்கோ, தமக்குப் பயன்படவிருந்த தீர்ப்பொன்று எழாமலே போய்விடுகின்றது. 1984 இல் ஓவன் பிசு இணக்கத்துக்கு எதிராக எழுப்பிய குரலின் உட்பொருளும் இதனோடு தொடர்புடையதே. எமது கருத்து அவரளவு செல்லவில்லை. அறுந்த வலைக்கு இணங்குக என்றே கூறுவோம். ஆயின் ஓர் ஊர் முழுவதையும் தொடும் எல்லைப்பிணக்கில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே இணங்கிச் செல்லின், கணக்கிற் குடும்பங்கள் ஆதாயம் அடைய ஊர் இழப்படையக்கூடும். செலவைப் பகிர்ந்து ஒரே வழக்காக நடத்தினால் ஒவ்வொருவர்க்கும் விழும் பங்கு சிறிதாகும். மேலே கூறிய சமன்பாட்டிற் செலவு குறைந்து, வழக்கிடுதல் தகுதியுடையதாகும். பள்ளிவாசல் நிருவாகமும் கோயிற் பரிபாலன சபையும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் இத்தகைய பொதுச்செலவுக்கு ஏற்ற அமைப்புகள்.

இறுதியாக, இணங்குவதெனத் துணிந்தோர்க்கு நடைமுறை பற்றி ஒன்று கூறல் வேண்டும். வழக்கிட்டபின் இணங்குவதாயின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408 ஆம் பிரிவின்படி இணக்க நிபந்தனைகளை நீதிமன்றிற் பதிவுசெய்து தீர்ப்பாணை பெறலாம். அது முடிந்த முடிபாகும், மீறினால் நிறைவேற்றவும் ஆகும். மன்றுக்கு வெளியே வெறுந்தாளில் எழுதி ஒப்பமிட்ட இணக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. காணி வழக்காயின் அந்நிபந்தனைகளோடு உரிமம்பெற்ற நில அளவையாளரின் வரைபடம் ஒன்றை இணைத்தல் இன்றியமையாதது. கிழக்கே பனை, மேற்கே கிணறு, வடக்கே வாய்க்கால் என்று எழுதிய இணக்கங்கள் பல உண்டு. பனை சாயும், கிணறு தூரும், மணற்பாங்கான அக்கரையில் வாய்க்கால் மாரிக்கு மாரி இடம்மாறும். வரைபடத்துக்குச் செலவாகும் பணம் ஒருசில தவணைகளின் செலவுக்கு மிகாது என்பது எமது மதிப்பீடு.